புத்தளக் கரையின் மணலும் யேனாவின் வில்லையும்: கைத்தொழில்சார் கணித ஆய்வுப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

1

விஞ்ஞானம் சமுதாயத்தின் உற்பத்தி வாழ்விலிருந்து விலகி நிற்பதன்று என்னும் கருத்து இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒன்றாகும். 1931 ஆம் ஆண்டு இலண்டனில் நடைபெற்ற விஞ்ஞான வரலாற்று மாநாட்டில் சோவியத் அறிஞரான பொரிஸ் ஹெசன், நியூற்றனின் இயக்கவியல் அவர் காலத்துக் கப்பற் போக்குவரத்து, சுரங்கத் தொழில், போர்க்கலை ஆகியன எழுப்பிய வினாக்களோடு பிணைந்திருந்தமையை எடுத்துக்காட்டினார். அன்று அக்கருத்துப் பலருக்கு அதிர்ச்சியளித்தது. இன்றோ பல்கலைக்கழக நிருவாகங்களே ஆய்வைக் கைத்தொழிலோடு இணைக்குமாறு ஆய்வாளரை வற்புறுத்துகின்றன. ஹெசன் கூறியதும் நிருவாகங்கள் கூறுவதும் ஒன்றுதானா? இவ்வினாவுக்குத் தெளிவான விடை காணாதவிடத்து, பட்டப்பின் படிப்பு மாணவரைப் பயிற்றுவது பற்றிய நமது விவாதங்கள் இரு துருவங்களுக்கிடையே அலைவனவாகவே இருக்கும். ஒருபுறம் உலகியல் தீண்டாத 'தூய' ஆய்வு பற்றிய ஏக்கம். மறுபுறம் கொடுப்பவன் கேட்பதைச் செய்து கொடுக்கும் கூலி ஆய்வு.

இக்கட்டுரையிலே ஒளியியல் சார்ந்த கணித ஆய்வினை உதாரணமாகக் கொண்டு இவ்வினாவை நோக்குவோம். கணிதம், கைவினை, மூலதனம் ஆகிய மூன்றும் சந்திக்கும் இடங்களுள் வில்லையைப் போல வெளிப்படையானது வேறில்லை எனலாம். நோக்கும் இடமாகப் புத்தளம் மாவட்டத்தின் கரையைத் தெரிந்துகொள்கிறோம். இதற்குத் தற்செயலல்லாத காரணம் உண்டு. மாரவில, நாத்தாண்டியா, மாதம்பை ஆகிய ஊர்களை அடுத்துப் பரந்து கிடக்கும் வெண்மணல், சிலிக்கா மிகுந்தது, கண்ணாடிக்கு உரியது. நாத்தாண்டியாவில் கண்ணாடித் தொழிற்சாலை இயங்கிய வரலாறும் உண்டு. இலங்கையின் போத்தற் கண்ணாடித் தொழிலுக்கு இம்மணல் இன்றும் பயன்படுகின்றது. எனினும் நமது ஆய்வுகூடங்களிலுள்ள நுணுக்குக்காட்டிகளின் வில்லைகள் பிறநாட்டிலிருந்தே வருகின்றன. மணலுக்கும் வில்லைக்கும் இடையிலுள்ள தூரம் எதனால் ஆயது என்பதே நமது விசாரணையின் தொடக்கம்.

2

மணலில் இரும்பு சிறிதளவு கலந்திருந்தாலும் கண்ணாடி பச்சை நிறம் பெறும். போத்தலுக்கு அது பெருங் குறையன்று. வில்லைக்குப் பெருங் குறை. ஆயினும் தூய்மையைக் காட்டிலும் கடினமானது வேறொன்று. வில்லைக் கண்ணாடி முழுவதும் ஒரே சீரான முறிவுச் சுட்டி உடையதாதல் வேண்டும்; அச்சுட்டி ஒவ்வொரு நிறத்துக்கும் எவ்வளவு என்பதும் நுட்பமாக அறியப்பட்டிருத்தல் வேண்டும். இவ்விடத்திலேதான் கண்ணாடி உருக்குபவனுக்குக் கணிதம் தேவைப்படுகின்றது.

ஜேர்மனியரான யோசப் பிரவுன்ஹோபர் (1787-1826) இத்தேவையிலிருந்து உருவான விஞ்ஞானி. கண்ணாடி வேலை செய்பவரின் மகனாகப் பிறந்து, இளமையிலே பெற்றோரை இழந்து, மியூனிக்கில் கண்ணாடித் தொழிலாளி ஒருவரிடம் பயிலுநராக இருந்தவர். 1801 இல் அவர் வாழ்ந்த வீடு இடிந்து விழுந்தது. இடிபாட்டிலிருந்து மீட்கப்பட்ட சிறுவனுக்கு ஆட்சியாளரின் ஆதரவும் நூல்கள் கற்கும் வாய்ப்பும் கிடைத்தன. பின்னர் வில்லை உற்பத்தியில் ஈடுபட்ட அவர், கண்ணாடியின் முறிவுச் சுட்டியைத் துல்லியமாக அளப்பதற்கு நிலையான நிறக்குறிகளைத் தேடினார். அத்தேடலின்போது, 1814 இல், சூரிய ஒளியின் நிறமாலையில் 500க்கு மேற்பட்ட கருங்கோடுகளைக் கண்டார். விண்மீன்களின் வேதியியலை அறிய 1859 இல் கேர்க்கோபும் பன்சனும் வழி திறந்தது அக்கோடுகளைக் கொண்டே. உற்பத்தித் தேவை ஒன்று மனித அறிவின் எல்லையையே விரித்தமைக்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஆனால் இவ்வரலாற்றுக்கு மறுபக்கமும் உண்டு. கருங்கோடுகளை உலகறிய வெளியிட்ட பிரவுன்ஹோபர், கண்ணாடி உருக்கும் முறையை வெளியிடவில்லை. அது நிறுவனத்தின் இரகசியம். இங்கிலாந்தில் 1820களின் பிற்பகுதியில் மைக்கல் பரடே போன்ற மேதையே வில்லைக் கண்ணாடி ஆய்வில் ஆண்டுகள் பலவற்றைச் செலவிட நேர்ந்தது. ஒருவர் கண்டதை மற்றவர் மீண்டும் முதலிலிருந்து தேட வேண்டிய நிலையைச் சொத்துரிமை தோற்றுவித்தது. இந்தியாவிலும் இதே அனுபவம் 20 ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது. வெளிநாடுகள் காத்துவந்த வில்லைக் கண்ணாடித் தொழில்நுட்பத்தை, கல்கத்தாவிலுள்ள மத்திய கண்ணாடி, மட்பாண்ட ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆத்மா ராமும் அவருடன் உழைத்தோரும் தாமாகவே உருவாக்க வேண்டியிருந்தது. மணல் இருந்தும் வில்லை இல்லாமை இயற்கையின் குறையன்று. அறிவின் உடைமை பற்றிய விடயமாகும்.

3

கைத்தொழிலும் பல்கலைக்கழகக் கணிதமும் ஒழுங்கான முறையில் இணைந்த முதன்மையான நிகழ்வை யேனா நகரிலே காண்கிறோம். மார்க்ஸ் 1841 இல் கலாநிதிப் பட்டம் பெற்றதும் யேனாப் பல்கலைக்கழகத்திலேயே என்பது இங்கு நினைவுக்கு வருகின்றது. அந்நகரில் கார்ல் சைஸ் 1846 இல் பட்டறை ஒன்றை நிறுவி நுணுக்குக்காட்டிகளைச் செய்துவந்தார். அக்காலத்தில் வில்லைகளைத் தேய்ப்பதும் பொருத்துவதும் தேர்ந்த கையின் அநுபவத்தையே நம்பியிருந்தன. ஒன்று நன்றாக அமையும், அடுத்தது அமையாது. காரணம் எவருக்கும் தெரியாது. 1866 இல் சைஸ், பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளரான ஏர்ன்ஸ்ட் அபேயை நாடினார்.

அபே (1840-1905) நூற்பாலைத் தொழிலாளி ஒருவரின் மகன். நாளொன்றுக்குப் 14 முதல் 16 மணி நேரம் நின்றபடியே உழைத்த தந்தைக்கு உணவு கொண்டு சென்ற சிறு பராயத்தை அவர் மறக்கவில்லை. பட்டறையில் அவர் எதிர்கொண்ட பிரச்சினை மேலோட்டமாக எளியது: வில்லையைக் கணக்கிட்டுச் செய்ய முடியுமா? கணக்கிட்டுச் செய்த முதல் வில்லைகள் எதிர்பார்த்தபடி சிறக்கவில்லை. அத்தோல்வியை ஆராய்ந்த அபே, ஒளியை நேர்கோடாகக் கொள்ளும் பழைய கேத்திரகணிதம் இங்கு போதாது என உணர்ந்தார். நுண்பொருளின் ஓரங்களில் ஒளி விலகிப் பரவுகின்றது. 'கோணல்' என நாம் வழங்கும் இத்தோற்றப்பாட்டினால் சிதறும் அலைகளுள் எத்தனையை வில்லை உள்வாங்குகின்றதோ அத்தனைக்கே பிம்பம் தெளிவு பெறும். 1873 இல் அவர் வெளியிட்ட கொள்கையின்படி, ஒளியின் அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியிலும் குறுகிய இடைவெளியைச் சாதாரண நுணுக்குக்காட்டி பிரித்துக் காட்டாது. பட்டறையின் குறைபாடு என எண்ணப்பட்டது இயற்கையின் வரம்பாகத் தெளிந்தது. எங்கே முயலலாம், எங்கே முயலுதல் வீண் என்பதைத் தொழிலாளி முதன்முறையாக அறிந்தான்.

கணக்கீடு கோரிய கண்ணாடி அக்காலத்தில் கிடைக்கவில்லை. எனவே ஒட்டோ ஷொட் என்னும் வேதியியலாளருடன் இணைந்து 1884 இல் யேனாவில் கண்ணாடி ஆய்வுகூடம் நிறுவப்பட்டது. இரண்டாண்டுகளில் நிறக்குறை வெகுவாக நீங்கிய நுணுக்குக்காட்டி வில்லைகள் வெளிவந்தன. பட்டம் பெற்ற இளைஞர்கள் பட்டறைக்கு வந்தனர். சீக்பிரீட் சாப்ஸ்கி அபேயிடம் பயின்று ஒளியியற் கருவிகளின் கொள்கை பற்றி 1893 இல் நூல் எழுதினார். யேனாவில் கலாநிதிப் பட்டம் பெற்ற பவுல் றூடொல்ப் புகைப்பட வில்லைகளை வடிவமைத்தார். 1902 இல் வந்த 'டெசார்' வில்லை அவர் பெயருடன் தொடர்புடையது. தொழிற்சாலையையும் வகுப்பறையையும் ஒருசேர அறிந்த ஆய்வாளர் பரம்பரை ஒன்று இவ்வாறு உருவாயிற்று.

சைஸ் 1888 இல் இறந்த பின்னர், நிறுவனத்தின் உடைமையைத் தம் கையிற் கொள்ளாது, 1889 இல் அமைத்த மன்றமொன்றிடம் அபே படிப்படியாக ஒப்படைத்தார். 1896 ஆம் ஆண்டின் யாப்பு, நிறுவனத்தின் உயர் அலுவலர் பெறும் ஊதியம் தொழிலாளரின் சராசரி ஊதியத்தின் பத்து மடங்கைத் தாண்டலாகாது என விதித்தது. ஊதியத்துடன் கூடிய விடுமுறை, ஓய்வூதியம் ஆகியவற்றை உறுதிசெய்தது. இலாபத்தின் ஒரு பகுதி பல்கலைக்கழகத்துக்குச் சென்றது. 1900 இல் எட்டு மணி நேர வேலைநாள் நடைமுறைக்கு வந்தது. கூட்டு உழைப்பின் விளைவான அறிவு தனியொருவரின் உடைமையாதல் தகாது என்னும் எண்ணம் இதன் அடிப்படை.

இதனைச் சோசலிசம் என மயங்குவதற்கில்லை. அபேயின் மன்றம் முதலாளித்துவச் சந்தைக்குள் இயங்கியது. படைகளுக்கு வேண்டிய தொலைகாட்டிகளையும் தூரமானிகளையும் அதே நிறுவனம் செய்தது. இரண்டாம் உலகப் போரில் வலுக்கட்டாய உழைப்பையும் பயன்படுத்தியது. 1945 இல் நகரை விட்டு விலகிய அமெரிக்கப் படை, 80க்கு மேற்பட்ட நிபுணர்களை மேற்கே கொண்டு சென்றது. பின்னர் சோவியத் அதிகாரிகள் இயந்திரங்களோடு நிபுணர்களையும் கிழக்கே கொண்டு சென்றனர். ஆய்வுப் பயிற்சி பெற்ற மனிதரே இயந்திரத்திலும் மதிப்பு மிக்க உற்பத்திச் சக்தி என்பதை இரு தரப்பினரும் அறிந்திருந்தனர்.

4

நமது காலத்துக்கு அணித்தான ஓர் உதாரணத்தையும் நோக்குவோம். 1968 இல் ஒக்ஸ்போட்டில் அலன் ரெயிலரும் லெஸ்லி பொக்சும் தொடக்கிய ஆய்வுக் குழுக்களில் கைத்தொழில் நிறுவனங்கள் வார முதல்நாளில் தம் பிரச்சினையை முன்வைக்கும். கணிதவியலாளரும் மாணவரும் வாரம் முழுவதும் அதனோடு போராடி, இறுதிநாளில் தாம் கண்டதைக் கூறுவர். அமெரிக்காவில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் 1982 இல் தொடங்கிய பிரயோக கணித நிறுவனம் இம்முறையை வேறொரு வகையில் வளர்த்தது. 1987 முதல் 1997 வரை அதன் பணிப்பாளராக இருந்த அவ்னர் பிரீட்மன், கைத்தொழில் விஞ்ஞானிகளை அழைத்து அவர்தம் பிரச்சினைகளைப் பேசச் செய்தார். அவற்றைக் கணித வடிவில் எழுதி, தீர்ந்தவை தீராதவை இரண்டையும் தொடர் நூல்களாக வெளியிட்டார். இளம் ஆய்வாளர் சிலர் பாதி நேரத்தை நிறுவனத்திலும் பாதி நேரத்தைக் கல்விக்கூடத்திலும் கழித்தனர்.

அங்கு எழுந்த பிரச்சினைகளுள் ஒன்று ஒளியியல் சார்ந்தது. அதே மினியாபொலிஸ் நகரிலிருந்த ஹனிவெல் நிறுவனத்தார், மேற்பரப்பில் நுண்ணிய பள்ளங்கள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வருமாறு செதுக்கிய ஒளியியற் கூறுகளில் ஈடுபட்டிருந்தனர். அந்துப்பூச்சியின் கண்ணில் இத்தகைய நுண்முகடுகள் உண்டு. அதனாலேயே அக்கண் ஒளியை மிகக் குறைவாகத் தெறிக்கின்றது. பள்ளங்கள் அலைநீளத்தின் அளவினவாக அமையும்போது, கதிர் வரைந்து கணக்கிடும் முறை பயன்படாது; மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகளை முழுமையாகத் தீர்த்தல் வேண்டும். பொறியியலாளர் கேட்டது, 'எந்த வடிவம் தெறிப்பை மிகக் குறைக்கும்?' என்பது. கணிதவியலாளர் அதற்கு முன்னதாக வேறு வினாவைக் கேட்டனர்: 'இச்சமன்பாடுகளுக்குத் தீர்வு உண்டா? ஒன்றுதான் உண்டா?' டேவிட் டொப்சனும் பிரீட்மனும் 1992 இல் வெளியிட்ட ஆய்வு, எண்ணிடத்தக்க சில மீடிறன்கள் நீங்கலாக ஏனையவற்றுக்குத் தீர்வு உண்டு, அதுவும் ஒன்றே என நிறுவியது. இது வெறும் நுணுக்க வாதமன்று. கணினி தரும் விடை எங்கே நம்பத்தக்கது, எங்கே ஐயுறத்தக்கது என்பதை அது பொறியியலாளருக்குக் கூறுகின்றது. அதன்பின்னரே சிறந்த வடிவத்தைத் தேடும் ஆய்வு உறுதியான நிலத்தில் நிகழ முடிந்தது.

நல்ல பயிற்சியின் இயல்பு இங்கே புலப்படுகின்றது. நிறுவனத்தின் வினாவை மாணவன் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. அவ்வினாவின் அடியிலுள்ள வினாவைத் தேடுகின்றான். அபே செய்ததும் அதுவே. விடை அனைவருக்கும் உரிய தேற்றமாக ஏட்டில் வெளிவருகின்றது. இதனால் பிரவுன்ஹோபரின் இரகசியச் சுவர் ஓரளவேனும் தகர்கின்றது.

எனினும் வினாவை எழுப்பியவர் யார் என்பதை மறத்தலாகாது. வியற்நாம் போரின்போது ஹனிவெல் நிறுவனம் மனிதரைக் கொல்லும் சிதறுகுண்டுகளை உற்பத்தி செய்தது. 1968 இல் அந்நகர மக்கள் தொடக்கிய எதிர்ப்பியக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஆயுத உற்பத்திப் பிரிவு தனி நிறுவனமாகப் பிரிக்கப்பட்டது 1990 இலேதான். ஒளியியல் ஆய்வு அக்குண்டுகளுக்காக நடந்தது என நாம் கூறவில்லை. ஒரு நகரத்தின் கணித மாணவர் எந்த வினாக்களைச் சந்திக்கின்றனர் என்பதை அந்நகரத்தின் மூலதனமே பெரும்பாலும் தீர்மானிக்கின்றது என்பதே நமது கருத்து. கேட்கப்படாத வினாக்கள் ஆய்வேடுகளாவதில்லை.

5

கேட்கப்படாத வினாக்களின் விளைவைப் புத்தளக் கரை நன்கு அறியும். 1980களிலிருந்து சிலாபம், முந்தல், புத்தளம் பகுதிகளில் இறால் வளர்ப்புப் பெருகியது. ஒவ்வோர் உடைமையாளரும் தம் குளத்தைப் பற்றி அறியப் பணம் செலவிட்டனர். குளங்களின் கழிவுநீர் சென்று சேர்ந்ததும், குளங்களுக்கு வேண்டிய நீர் எடுக்கப்பட்டதும் ஒல்லாந்தர் கால்வாய் முதலான பொது நீர்நிலைகளே. அப்பொது நீர் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பதை அறிவது எந்த ஒரு குளத்தின் உடைமையாளருக்கும் இலாபமாகத் தோன்றவில்லை. 1996 இல் வெண்புள்ளி நோய் பரவியபோது இறாற் பண்ணைகள் பெருந்தொகையாக அழிந்தன. தனிமூலதனம் தன் குளத்தின் வினாவையே கேட்கும். களப்பின் வினாவைக் கேட்பதற்கு வேறு ஒருவர் வேண்டும்.

புத்தளம் களப்பு ஆழம் குறைந்தது. அதன் அடியில் வளரும் கடற்புற்கள் மீனும் இறாலும் வளரும் தொட்டில். இப்புற்கள் உயிர்வாழ மேற்பரப்பில் விழும் ஒளியில் சராசரியாக 11 சதவீதம் தேவை என உலகின் பல பகுதிகளிலிருந்து திரட்டிய தரவுகள் காட்டுகின்றன. நீர் ஒரு மீற்றருக்கு மூன்றிலொரு பங்கு ஒளியைக் கீழே விடுவதாகக் கொள்வோம். இரண்டு மீற்றரில் ஒன்பதிலொரு பங்கு, அதாவது ஏறத்தாழ 11 சதவீதம், எஞ்சும். அதுவரை புல் வளரலாம். கழிவும் சேறும் கலந்து, ஒரு மீற்றரிலேயே ஒன்பதிலொரு பங்குதான் எஞ்சுமாயின், புல்லின் எல்லை ஒரு மீற்றராகச் சுருங்கிவிடும். ஆழங்குறைந்த களப்பில் ஒரு மீற்றர் என்பது தொட்டிலின் பெரும் பகுதி. கலங்கலுக்கும் கடற்றொழிலாளியின் வலைக்கும் உள்ள உறவு இத்துணை நேரடியானது.

களப்பு முழுவதையும் நாளாந்தம் படகிற் சென்று அளத்தல் இயலாது. செய்மதி காணும் நீரின் நிறத்திலிருந்து நீரினுள் இருப்பதை உய்த்துணர்தல் வேண்டும். 1921 இல் கப்பலிற் பயணம் செய்த சி. வி. இராமன், கடலின் நீலம் வானத்தின் தெறிப்பு மாத்திரமன்று, நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதால் எழுவது எனக் கண்டார். காரணத்திலிருந்து நிறத்தை விளக்கியது அது. நமக்கு வேண்டியது நிறத்திலிருந்து காரணத்துக்குச் செல்லும் நேர்மாறுப் பிரச்சினை. ஆழங்குறைந்த நீரில் அடித்தளமும் ஒளியைத் தெறிப்பதால், புல்லின் கருமையையும் கலங்கலின் கருமையையும் பிரித்தறிவது கடினம். சிறு அளவீட்டு வழு விடையில் பெரு வழுவாகிவிடும். இத்தகைய பிரச்சினைகளை நிலைப்படுத்தித் தீர்க்கும் முறைகளே இன்றைய கணித ஒளியியலின் மையப் பொருள்களுள் ஒன்று. மினசோட்டா மாணவன் பள்ளம் செதுக்கிய தகட்டில் கற்ற கணிதத்துக்கு நெருங்கிய உறவான கணிதத்தை நமது மாணவர் களப்பிலே கற்கலாம்.

உப்பளமும் அத்தகையதே. 2025 ஆம் ஆண்டில் மழையினால் உற்பத்தி குன்றி, கடல் சூழ்ந்த இந்நாடு இந்தியாவிலிருந்து உப்பை இறக்குமதி செய்ய நேர்ந்ததை அறிவோம். குறுகிய வெயிற் காலத்தில் கூடிய நீரை ஆவியாக்குவதே உப்புச் செய்வோரின் பிரச்சினை. சூரிய சக்தியில் கட்புலனாகாத செங்கீழ்ப் பகுதியைச் சில சென்ரிமீற்றர் நீரே உறிஞ்சிவிடும். கட்புலனாகும் ஒளியோ வெண்ணிறப் பாத்தியின் அடிவரை சென்று, தெறித்து, மீண்டும் வானுக்குத் திரும்பிவிடும். செறிந்த உப்புநீரில் வாழும் நுண்ணுயிர்கள் நீரைச் செந்நிறமாக்கும்போது அவ்வொளி நீரிலேயே தங்கி வெப்பமாகின்றது. சாயமிட்டு ஆவியாதலை மிகுவிக்கும் பரிசோதனைகள் சாக்கடற் பகுதியில் கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே நிகழ்ந்துள்ளன. நீரின் ஆழம், நிறம், காற்று, அடுத்த மழைக்கான நாள் ஆகியவற்றை ஒருங்குகொண்டு எந்தப் பாத்தியில் எவ்வளவு நீரை விடுவது என்பது நேர்த்தியான உத்தமப்படுத்தற் பிரச்சினையாகும். சிறு உப்பள உடைமையாளரால் இதற்கு ஆய்வாளரை அமர்த்த முடியாது. கூலிக்கு உப்பு வாரும் தொழிலாளியிடம் எவரும் கேட்பதுமில்லை.

6

இலக்கிய மாணவராகிய நாம் இவ்விடயத்தில் தலையிடுவதற்கான நியாயமும் இங்கேயே உள்ளது. கணித மாதிரி அமைப்பதன் முதற்படி சமன்பாடன்று, கேட்டல் ஆகும். உப்பளத் தொழிலாளி நீரின் நிறத்தைக் கொண்டும், கையிற் படும் பிசுக்கைக் கொண்டும் பருவத்தைச் சொல்கின்றார். அச்சொற்களுள் தலைமுறைகளின் அளவீடு பொதிந்துள்ளது. அதனை மாறியாகவும் சார்பாகவும் பெயர்ப்பவன் மொழிபெயர்ப்பாளன். தமிழிலும் சிங்களத்திலும் கேட்கத் தெரியாத, ஆங்கில ஏட்டை மாத்திரம் வாசிக்கத் தெரிந்த மாணவன் நாத்தாண்டியாவின் மணல்மேல் நின்றாலும் மினசோட்டாவின் பிரச்சினையையே காண்பான். 19 ஆம் நூற்றாண்டிலே மானிப்பாயில் கிறீன் வைத்தியர் மருத்துவத்தைத் தமிழிற் பயிற்றியபோது உருவான கலைச்சொல் மரபு நமக்கு உண்டு. அது நூலிலிருந்து மக்களை நோக்கிச் சென்றது. இப்போது வேண்டியது மக்களின் வழக்கிலிருந்து நூலை நோக்கி வரும் எதிர்த்திசைப் பயணம்.

மேற்கூறியவற்றின் அடிப்படையில் மூன்று முடிவுகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, உற்பத்தியோடு இணைந்த கணித ஆய்வு மாணவரின் கற்பனையைக் குறுக்குவதில்லை. பிரவுன்ஹோபர், அபே ஆகியோரின் வரலாறு அதற்குச் சான்று. இரண்டாவது, அவ்விணைப்பின் பயன், வினாவை எழுப்புபவர் யார், விடை யாருடைய கைக்குச் செல்கின்றது என்பவற்றைப் பொறுத்தது. மூன்றாவது, 'கைத்தொழில்' என்னும் சொல்லின் பொருளை நாம் விரித்தல் வேண்டும். நிறுவனம் மாத்திரம் கைத்தொழிலன்று. உப்பளத் தொழிலாளரும், களப்பிலே வலை வீசுவோரும், 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு இக்கரையில் வந்து புதிதாக வாழ்வைத் தொடங்கியோரும் உற்பத்தியாளரே.

ஒக்ஸ்போட்டின் வாரமுறையைப் பின்பற்றி, ஆண்டுக்கொருமுறை நமது கணித, பௌதிகத் துறைகளின் பட்டப்பின் மாணவர் கற்பிட்டியிலோ பாலாவியிலோ ஒரு வாரம் தங்கலாம். கடற்றொழிலாளர் சங்கங்களும் உப்புச் செய்வோரும் முதல்நாளில் வினாவை முன்வைக்கட்டும். தமிழ், சிங்களத் துறைகளின் மாணவர் கேட்டலுக்குத் துணை நிற்கட்டும். இறுதிநாளில் விடை, அரைகுறையாயினும், அவர்கள் முன்னிலையில் அவர்கள் மொழியிலே கூறப்படட்டும். தீராத வினாக்களை ஏட்டில் பதிந்து வைப்போம். அடுத்த ஆண்டின் ஆய்வுத் தலைப்புகள் அவற்றிலிருந்தே பிறக்கும். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு பேருந்தும், வெண்தட்டு ஒன்றை நீரில் இறக்கி அது மறையும் ஆழத்தை அளக்கும் கயிறும், செவிமடுக்கும் மனமும் தொடக்கத்துக்குப் போதுமானவை.